ஒண்ணு குறையுது

முதல் கேள்விக்குப் பதில், இல்லை. எழுதிக்கொள் தாயி. இந்த வீட்டில் வளர்ப்பு நாய் எதுவும் இல்லை. பூனை இல்லை, கிளி இல்லை, கோழி இல்லை. நானும் என் வீட்டுக்காரி கோமுவும்தான். உன் போனில் 'இல்லை' என்று எங்கே இருக்கிறதோ அங்கே அமுக்கு. ஆனால் உடனே அனுப்பிவிடாதே. நான் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு அனுப்பு.

ஏன் அங்கேயே நிற்கிறாய்? ஓ, அவனா. அவன் ஒன்றும் செய்யமாட்டான், தாண்டி வா. செத்தாலும் படியை விட்டு எழுந்திருக்கமாட்டான். அதனால்தான் ஃபுட்போர்டு என்று பேர். முப்பத்துநாலு வருஷம் ஃபுட்போர்டில் தொங்குகிறவர்களைப் பார்த்து 'உள்ளே ஏறுய்யா, உள்ளே ஏறுய்யா' என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். ரிட்டயர் ஆன பிறகு வீட்டு வாசலிலேயே ஒருத்தன் வாய்த்திருக்கிறான். ஆனால் அவன் என் நாய் இல்லை. படிதான் என்னுடையது.

ஃபேனுக்குக் கீழே உட்கார். ஞாயிற்றுக்கிழமைகூட நகராட்சியில் உங்களை அலையவிடுகிறார்களே. கோமு, பிள்ளைக்குத் தண்ணி கொண்டா.

என் பேர் பால்வண்ணம். கண்டக்டர். கடைசி இருபது வருஷம் கோவில்பட்டி–ராஜபாளையம் வண்டி. ராஜபாளையம் என்றால் யாருக்குமே முதலில் நாய்தான் ஞாபகத்துக்கு வரும். இருபது வருஷம் தினமும் போய்வந்தும் அந்த ஊர்க் குட்டி ஒன்றைக்கூட நான் கையால் தொட்டதில்லை. அப்படிப்பட்ட ஆள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எஸ்தர் டீச்சர் என்ன சொல்லி உன்னை இங்கே அனுப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அதோ நீலக் கேட் வீடு. அதுதான் டீச்சர் வீடு. இந்த மில் காலனி மூன்றாம் தெரு நலச்சங்கத்துக்கு அவர்கள்தான் செயலாளர். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர்கள். நல்ல மனுஷி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் புரட்டாசிக் கடைசியில் சங்கத்து போர்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள் பார், அங்கேதான் எனக்கு மனத்தாங்கல்.

நோட்டீஸில் மூன்று முடிவு. ஒன்று, இலை, எலும்பு, மீன் செதில் எதையும் யாரும் தெருவில் திறந்து போடக்கூடாது. சரிதான். இரண்டு, நகராட்சி முகாம் வைக்கும்போது தெருவில் உள்ள எல்லா நாய்க்கும் வெறிநோய்த் தடுப்பூசி. அதுவும் சரிதான். மூன்று, தெருவில் யாரையாவது கடித்த நாயை நகராட்சியின் காப்பகத்தில் ஒப்படைப்பது. எல்லாம் படித்துக்கொண்டே வந்தேன். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. 'பால்வண்ணம் அண்ணாச்சியின் நாய்கள் உட்பட.'

நேரே போய்க் கதவைத் தட்டினேன்.

"டீச்சர், அதுல எம் பேரு எதுக்கு?"

"ஏன் அண்ணாச்சி, எழுத்துப் பிழை எதுவும் இருக்கா?"

"நான் எந்த நாயை வளக்கேன்? ஒரு நாய் பேரு சொல்லுங்க பாப்போம்."

டீச்சர் நிதானமாக விரலை மடக்கினார்கள். "டிரைவர், செக்கர், லேடீஸ், ஸ்டாண்டிங், ஃபுட்போர்டு..."

"அதெல்லாம் நான் வச்ச பேருதான். ஆனா நாய் என்னுது இல்ல."

"அப்படியா," என்றார்கள். அவ்வளவுதான். அந்த 'அப்படியா'வைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நீயே சொல் தாயி. சர்க்கரை டாக்டர் என்னைக் காலையில் நடக்கச் சொன்னார். நடக்கிறேன். நடந்தால் டீக்கடை வருகிறது. டீக்கடை என்றால் டீயில் தொட்டுக்கொள்கிற பொறை இருக்கிறது. எனக்குப் பொறை ஆகாது. வாங்கிய பொருளை வீணாக்கக் கூடாதில்லையா. அதனால் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்குப் போடுகிறேன். இதற்குப் போய்க் கோமு, "ஒங்களுக்கு ஆகாத பொறையை தினம் ரெண்டு பாக்கெட் எதுக்கு வாங்குதீங்க?" என்கிறாள். ஒரு பாக்கெட் பத்தாது, அதனால் இரண்டு. இது ஒரு கேள்வியா?

பேர் வைத்ததும் வேண்டுமென்று இல்லை. எனக்கு முன்னால் போய்க்கொண்டு, நான் வருகிறேனா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பவன் டிரைவர். தெருமுனையில் நின்று புதிதாக வருகிற ஒவ்வொரு ஆளின் பையையும் மோந்து பார்த்தபிறகே விடுபவன் செக்கர். பைக் ஏறி இடுப்பு போய், உட்கார முடியாமல் எப்போதும் நின்றுகொண்டே இருப்பவன் ஸ்டாண்டிங். வேறு என்ன பேர் வைக்க முடியும்?

இன்னொன்று, பைபாஸைத் தாண்டித்தான் டீக்கடை. லாரி வருகிற ரோடு. எல்லாம் என் பின்னாலேயே வந்து ரோட்டில் சிதறும். எனக்கு உயிர் போய் உயிர் வரும். அதனால் பழைய விசிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு விசில் அடித்தால் நில். இரண்டு விசில் அடித்தால் போகலாம், ரைட். நாலே நாளில் படித்துக்கொண்டன. முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு பயணிகூட அப்படிப் படித்ததில்லை. இது சாலைப் பாதுகாப்பு. நாய் வளர்ப்பு இல்லை.

இப்போது தீபாவளிக்கு வருகிறேன். திங்கட்கிழமை தீபாவளி. காலையெல்லாம் மழை. நாலு மணிக்கு வானம் வெறித்ததும் மொத்தத் தெருவும் சேர்ந்து வெடித்தது பார், அந்தச் சத்தத்துக்குச் செக்கர் ஓடிவந்து எங்கள் கட்டிலுக்குக் கீழே புகுந்துகொண்டான். மழைக்கும் வெடிக்கும் யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம், அதற்காக அவன் இந்த வீட்டு நாய் ஆகிவிடுவானா? பொட்டு வெடிக்கெல்லாம் நடுங்குகிறான். அய்யோ பாவம் என்று குனிந்து கையை நீட்டினேன். பின்னால் ஒரு ஆட்டம்பாம். பயத்தில் கவ்விவிட்டான். இதோ, வலது கை ஓரம். தழும்பு தெரிகிறதா?

கோபத்தில் இல்லை தாயி. பயத்தில். அடுத்த நிமிஷமே கையை நக்கினான்.

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது கை இல்லை. நோட்டீஸ். மூன்றாம் முடிவு. சத்தம் காட்டாமல் அடுப்படிக்குப் போய் சுண்ணாம்பையும் மஞ்சளையும் குழைத்து அப்பி, கைக்குட்டையால் கட்டிக்கொண்டேன். எங்கள் அப்பா காலத்து வைத்தியம். கோமு கேட்டாள். "கேட்டுக் கம்பி கிழிச்சிட்டு" என்றேன். "நம்ம கேட்டுலயா?" என்றாள். "பின்ன ஊரான் கேட்டுலயா?" என்றேன். அத்தோடு முடிந்தது.

செக்கரைப் புறவாசலில் துவைக்கிற கல் பக்கம் கட்டிப்போட்டேன். கண்ணில் பட்டால்தானே கேள்வி. தெருவில் கேட்டவர்களிடம், "லைன் மாறிப் போயிருப்பான்" என்றேன்.

ஆறு நாள் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை முகாம்.

நகராட்சி வண்டியில் கால்நடை டாக்டர் வந்தார்கள், ஹசீனா என்று, சின்ன வயசு. வலை பிடிக்கிற ஆள்கள் இரண்டு பேர். ஊசிப் பெட்டி, பச்சைச் சாயம் ஒரு டப்பா. ஊசி போட்ட நாய்க்கு முதுகில் பச்சைக் கோடு. டிக்கெட் கிழித்த மாதிரி, போட்டது எது போடாதது எது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். எனக்குப் பிடித்திருந்தது.

டீச்சர் கையில் பட்டியல். தெருநாய் பன்னிரண்டு. டாக்டர் நின்று எல்லோருக்கும் விளக்கினார்கள். "நூத்துக்கு எழுபது நாய்க்கு ஊசி போட்டுட்டா, ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு நோய் தாவ முடியாது. இங்க பன்னெண்டுல ஒம்பது போட்டாப் போதும். ஒம்பது வரலைன்னா இன்னைக்கு வந்தது வீண்."

வலை ஆள்கள் இறங்கியதுதான் தாமதம், ஒரு வாலைக்கூடக் காணோம். முக்கால் மணி நேரம் ஓடினார்கள். பிடிபட்டது ஒன்றே ஒன்று. பேங்க் தவமணி கயிற்றில் கட்டிக் கூட்டிவந்த அவருடைய சடை நாய். அதற்குப் போன மாதமே ஊசி போட்டாயிற்றாம். சும்மா வேடிக்கை பார்க்க வந்திருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் வந்தார்கள். "அண்ணாச்சி, ஒங்க விசிலு."

"எங்கிட்ட ஏது டீச்சர் விசிலு? அதெல்லாம் டெப்போவுல ஒப்படைச்சாச்சு."

கோமு எழுந்தாள். உள்ளே போய்ச் சட்டையில் கிடந்த விசிலை எடுத்துவந்து, முந்தானையால் துடைத்து, என் கையில் வைத்துவிட்டுப் போனாள். முப்பத்தெட்டு வருஷக் கல்யாணம். கூட்டத்தில் என்னைக் கவிழ்க்க அவளுக்குப் பேசவேண்டியதே இல்லை.

சரி, ஊர் நன்மைக்கு என்று நடுத்தெருவில் போய் நின்றேன். இரண்டு விசில்.

தாயி, நீ பார்த்திருக்க வேண்டும். வாய்க்கால் பக்கமிருந்து டிரைவர். அவன் பின்னால் லேடீஸ். கார் அடியிலிருந்து மூன்று, மாவு மில் சந்திலிருந்து நாலு. எல்லோருக்கும் கடைசியில் ஸ்டாண்டிங், ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து. ஃபுட்போர்டுகூட எழுந்து வந்தான், படியை விட்டு. நான் ஒரு விசில் அடித்தேன். எல்லாம் நின்றன. வலை பிடிக்கிறவர் வலையைச் சுருட்டிக் கீழே வைத்துவிட்டார்.

"முண்டாதீங்க, வரிசையா வாங்க. லேடீஸ் முதல்ல," என்றேன். ஒவ்வொன்றாகப் பொறையைக் காட்டிப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் குத்தினார்கள், உதவியாள் கோடு போட்டார். ஒன்பது தாண்டி, பத்து தாண்டி, பதினொன்று. தெருவே கைதட்டியது. டாக்டர் பெட்டியை மூடினார்கள். "பதினொண்ணு தாராளம் சார். இந்த ஊர்லயே இந்தத் தெருதான் முதல்ல," என்றார்கள்.

அங்கேயே நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். எல்லாம் முடிந்துவிட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் முப்பத்துநாலு வருஷம் ஆள் எண்ணிய வாய் இது. டீ குடிக்க வண்டி நிறுத்தினால், கிளம்பும் முன்னால் எண்ணுவேன். ஒரு ஆள் குறைந்தாலும் விசில் அடிக்கமாட்டேன். மழையில் ஒதுங்கப் போனவருக்காக ஒருதரம் முழு பஸ்ஸும் என்னைத் திட்டத் திட்ட இருபது நிமிஷம் நிறுத்திவைத்தேன். அந்தப் பழக்கம். என்னையறியாமல் விரலை நீட்டி எண்ணினேன். எண்ணிவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"ஒண்ணு குறையுது."

டாக்டர் நிமிர்ந்தார்கள். டீச்சர் பட்டியலைப் பார்த்தார்கள். "ஆமா. செக்கர். லைன் மாறிப் போயிட்டான்னீங்களே அண்ணாச்சி?"

நான் பதில் யோசிப்பதற்குள் புறவாசலிலிருந்து பதில் வந்தது. விசில் கேட்டதிலிருந்து கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, அப்போதுதான் குரைக்க ஆரம்பித்திருக்கிறான். அடக்கமான நாய். ஆனால் நேரம் தெரியாது.

கூட்டிவந்தேன். டாக்டர் ஊசியும் போட்டார்கள், கோடும் போட்டாயிற்று. அப்புறம் என்னைப் பார்த்து, "ஏன் சார் கட்டிவச்சிருந்தீங்க?" என்றார்கள். கேட்டுக்கொண்டே என் கைக்குட்டையை அவிழ்த்தார்கள்.

"கேட்டுக் கம்பி," என்றேன்.

"கம்பிக்கு நாலு பல்லா?"

தவமணி தன் சடை நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். எனக்கு டீச்சரைப் பார்க்கத்தான் பயம். மூன்றாம் முடிவு அவர்கள் எழுதியது. அந்தக் கணக்கு டீச்சர் ஒரு மார்க் கூடப் போட்டதாகச் சரித்திரம் இல்லை.

டீச்சர் பட்டியலை மடக்கினார்கள். "எத்தனை நாள் ஆச்சு?" என்றார்கள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ஆறு."

"ஆறா." உள்ளே போய் ஸ்கூட்டர் சாவியோடு வந்தார்கள். "ஏறுங்க."

"மத்தியானம் சாப்பிட்டுட்டு பஸ்ஸுல போயிக்கிடுதேன் டீச்சர்."

"ஏறுங்க அண்ணாச்சி."

ஏறினேன். தெருவே பார்க்க ஒரு டீச்சர் ஓட்ட, நான் பின்னால், காலை எங்கே வைப்பது என்று தெரியாமல். பைபாஸ் வரும்வரை, நாட்டு வைத்தியம் ஒன்றும் லேசுப்பட்டதில்லை என்று எடுத்துச் சொல்லிக்கொண்டே போனேன். சிக்னலில் நின்றபோது டீச்சர் திரும்பாமலே சொன்னார்கள்.

"எங்க ஸ்கூல் வாட்ச்மேன் ஒருத்தர் இருந்தார் அண்ணாச்சி. சுடலைமாடன்னு. குட்டி நாய், லேசாக் கீறினதுதானேன்னு விட்டுட்டார். ரெண்டு மாசம் கழிச்சுத் தண்ணியப் பாத்தா பயம்னு சொன்னார். அதுக்கப்புறம் எந்த டாக்டராலயும் ஒண்ணும் செய்ய முடியலை."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வண்டியை எடுத்தார்கள். நான் அதற்கப்புறம் நாட்டு வைத்தியம் பற்றிப் பேசவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கையைப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு வச்சீங்களா, மஞ்சள் வச்சீங்களா?" என்றார்கள்.

"ரெண்டும்."

"வெத்தலையும் பாக்கும்தான் பாக்கி."

குழாயில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவச் சொன்னார்கள். கடித்த உடனே இதைச் செய்திருக்க வேண்டுமாம். செலவில்லாத வைத்தியம், வெறும் சோப்பும் தண்ணீரும். பிறகு காயத்தைச் சுற்றி ஊசி, கையில் ஊசி. தாமதமானாலும் போட்டுத்தான் ஆகவேண்டும், நாய்க்கு ஒன்றும் இல்லையே என்று காத்திருக்கக் கூடாது என்றார்கள். மொத்தம் நாலு தவணை. டீச்சர் நாலு தேதியையும் நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டார்கள்.

அன்று சாயங்காலம் சங்கக் கூட்டம். தவமணி எழுந்தார். "கடிச்ச நாய் கடிச்ச நாய்தான். முடிவுன்னா எல்லாருக்கும் ஒரே முடிவு. நாளைக்கு வேற ஆளைக் கடிச்சா?"

நான் எழுந்து, "எம் மேலதான் தப்பு, அவனை ஒண்ணும் செய்யாதீங்க" என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் டீச்சர் கையமர்த்திவிட்டார்கள்.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டீஸை வாசித்தார்கள். "'தெருவில் யாரையாவது கடித்த நாய்.' தவமணி சார், அண்ணாச்சி கட்டிலுக்குக் கீழே தெரு வருதா?"

"வராது. வீடு."

"அப்போ வீட்டுக்குள்ள அவர் நாய் அவரைக் கடிச்சிருக்கு. அது குடும்ப விஷயம். அதுல சங்கம் தலையிடாது." எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "ஆனா பேச்சுக்குச் சொன்னா பத்தாது. நகராட்சியில நாய்க் கணக்கெடுக்க வருவாங்க. அப்போ பொறுப்பு ஏத்துக்கிட்டு ஒருத்தர் பேர் பதியணும். வருஷா வருஷம் ஊசி போடணும், கண்ணுல படுற மாதிரி வச்சுக்கணும். பேரு இல்லைன்னா அது கடிச்ச தெருநாய். காப்பகத்துக்குத்தான் போகும். அண்ணாச்சி, சம்மதமா?"

"யோசிச்சுச் சொல்லுதேன்," என்றேன்.

நாலு வாரமாக யோசிக்கிறேன். அந்தக் கணக்கெடுப்புத்தான் நீ, தாயி.

அதோ, தண்ணீர் கொண்டு வந்தவள் ஏன் சிரிக்கிறாள் என்று பார்க்கிறாயா? நான் வெளியே சொல்வதற்கு முன்னால் மனதுக்குள் முடிவு செய்துவிடுவேனாம். எனக்கே தெரியாமல் அவளுக்குத் தெரிந்துவிடுமாம். செக்கருக்குப் புதுக் கழுத்து வார் வாங்கியதை வைத்துச் சொல்கிறாள். வார் தள்ளுபடியில் கிடைத்தது.

என் சங்கடம் உனக்குப் புரியாது. நான் கண்டக்டர். ஏறுகிறவன் எல்லாம் இறங்கிப் போகிறவன். முப்பத்துநாலு வருஷத்தில் யாரையும் 'என் ஆள்' என்று சொல்லிப் பழக்கமில்லை. வண்டி என்னுடையது இல்லை, டிரைவர் என்னுடையவர் இல்லை, கூட்டம் என்னுடையது இல்லை. ஆனால் ஒரு ஆள் குறைந்தால் பதில் சொல்லவேண்டியவன் நான்.

அங்கே 'உரிமையாளர்' என்றா போட்டிருக்கிறது? 'கண்டக்டர்' என்று மாற்ற இடம் இருக்கிறதா? இல்லையா. சரி. உரிமையாளர் என்றே இருக்கட்டும். முதலில் அமுக்கிய அந்த 'இல்லை'யை அழித்துவிடு. பால்வண்ணம், மில் காலனி மூன்றாம் தெரு. நாயின் பேர் செக்கர். ஆண். பழுப்பு நிறம், முதுகில் பச்சைக் கோடு. தடுப்பூசி போட்டாயிற்று. ஆமாம், கடித்திருக்கிறான், அதையும் எழுது. எனக்கும் தடுப்பூசி போட்டாயிற்று. மூன்று தவணை. இன்றைக்கு நாலாவது, கடைசி.

கேட்டதா ஹாரன்? டீச்சர்தான். நேரம் தவறமாட்டார்கள். ஒவ்வொரு தவணைக்கும் அவர்கள்தான் கூட்டிப்போகிறார்கள். நான் கூப்பிடவில்லை. காலை வைக்கிற இடம் இப்போது எனக்குப் பழகிவிட்டது.

நீயும் கிளம்பலாம். போகும்போது முனையில் பையைக் காட்டிவிட்டுப் போ. செக்கர் பார்க்காமல் விடமாட்டான்.

இரு தாயி. எண்ணிக்கை என்ற இடத்தில் என்ன போட்டாய்?

ஒன்றா?

டீச்சர், ஒரு நிமிஷம். ஹாரன் அடிக்காதீங்க, ஆள் எண்ணாம வண்டி எடுக்க முடியாது. கோமு, நீ சிரிக்காதே.

உட்கார் தாயி. கணக்கு இடிக்கிறது. பதினொண்ணு குறையுது. எழுது, முதலில் டிரைவர்.